தோட்டத்து மயானம் யாருடைய நிலம்?

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால் பழைய தோட்டங்களின் பெயர்களைப் படிப்பதாகவே இருக்கும். லின்சம், சுவா பெத்தோங், செங்காங், பிராட்வால், கிர்பி, கெடிஸ், ஜெராம் பாடாங், ரீஜண்ட், கைரோ, பத்தாங் பெனார். மாநிலத்துத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய் பக்கம் செம்பனையும் போய்த் தாமான் வீடுகள் வந்தன. பெயர் மட்டும் பள்ளியோடு நின்றது. அப்படி நின்றதற்குக் காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே தோட்டப் பள்ளிக்கு இடம் கிடைத்தது. பின்னர் கல்வி அமைச்சு வந்தது, மேலாளர் வாரியம் வந்தது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் வந்தது. கோயிலுக்கு ஒரு நிர்வாகக் குழுவும் ஆண்டுத் திருவிழாவும் இருப்பதால், அதன்மீது கைவைத்தால் கேட்க நாலு பேர் வருவார்கள். தோட்டத்து வாழ்வின் மூன்றாவது பொதுச் சொத்து மயானம். அதற்கு அமைச்சும் இல்லை, வாரியமும் இல்லை, திருவிழாவும் இல்லை. ஆனால் நெகிரி செம்பிலான் தமிழர் ஒரு சமூகமாகத் திரண்டதில் பள்ளிக்கும் கோயிலுக்கும் உள்ள பங்குக்கு மயானத்தின் பங்கு சற்றும் குறைந்ததல்ல என்பது என் வாதம். அந்தப் பங்கு எவர் கண்ணிலும் படாமல் போனதற்கு ஒரே காரணம், அந்த நிலம் எந்தக் காலத்திலும் அந்த மக்களின் பெயரில் எழுதப்படவில்லை என்பதுதான்.

தொடக்கத்தைப் பார்ப்போம். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. அதையொட்டிய நிலங்களில் முதலில் காப்பியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் பரவின. தென்னார்க்காடு, வடஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910இல் அந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின் கங்காணி வழியாகவும் ஆட்கள் வந்தார்கள். காடழித்த முதல் ஆண்டுகளில் மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது. ஆகவே பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் எழும்பும் முன்பே புதைகுழி தோண்டவேண்டி வந்தது. இடம் காட்டியவர் தோட்ட மேலாளரான துரை. பயிருக்கு ஆகாத மேட்டையோ, ஆற்றோரச் சரிவையோ, தோட்டத்து எல்லையையோ அவர் காட்டுவார். எழுத்தில் எதுவும் இருக்காது. இருந்தாலும் தோட்ட வரைபடத்தில் ஒரு சிறு குறி இருக்கும், அவ்வளவுதான். அன்று அது போதும் என்று தோன்றியிருக்கும். வீடு, தண்ணீர், மருந்து எல்லாமே கம்பெனியின் கையில் இருந்த இடத்தில், செத்தபின் கிடைக்கும் மண்ணுக்கு மட்டும் தனிச்சீட்டு கேட்க யாருக்குத் தோன்றும்?

அங்கே கூடியவர்கள் ஒரே ஊரார் அல்லர் என்பதை மறக்கக்கூடாது. தமிழகத்துக் கிராமத்தில் சாவு விழுந்தால் யார் என்ன செய்யவேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டிருக்கும். தாய்மாமன் கோடி போடுவதும் பங்காளிகள் பாடை கட்டுவதும் உறவின் கடமைகள். தோட்டத்து லயத்திலோ தாய்மாமன் கடலுக்கு அப்பால் இருந்தான், பங்காளி வேறு தோட்டத்தில் இருந்தான் அல்லது வரவே இல்லை. ஆகவே சாவுக்கான உறவை அங்கே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. ஒரே கப்பலில் வந்தவன் தம்பியானான், பக்கத்து வீட்டுக்காரன் மாமனானான். காலைப் பிரட்டில் சேதி தெரிந்ததும் சில ஆட்கள் குழி வெட்டப் போவார்கள், சிலர் விறகு சேர்ப்பார்கள், தச்சு வேலை தெரிந்தவர் பெட்டி அடிப்பார். துரையிடம் லாரியோ டிராக்டரோ கேட்டு வாங்குவது கிராணியின் அல்லது மண்டோரின் பொறுப்பு. பக்கத்துத் தோட்டங்களுக்குச் சேதி சொல்ல சைக்கிளில் ஆள் போகும். இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் அவர்களே சோறாக்குவார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகாத வழக்கம் பரவலாக இருந்ததால் மயானக் கதைகளில் அவர்கள் தென்படுவதில்லை. ஆனால் எட்டாம் நாள் படையல்வரை அந்த வீட்டைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். நகரத்தில் இன்று ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்று பணம் வாங்கிச் செய்யும் வேலைகள் அத்தனையையும் அன்று ஒரு லயம் கூலியின்றிச் செய்தது.

இந்த உழைப்புக்குப் பின்னால் ஒரு நிதி ஏற்பாடும் இருந்தது. அதுதான் மரண சகாய நிதி. வீட்டுக்கு இவ்வளவு என்று சம்பள நாளில் சிறு தொகை வாங்கிச் சேர்ப்பார்கள். சில இடங்களில் சாவு விழும்போது மட்டும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். அற்பத் தொகையாகத் தோன்றலாம். ஆனால் நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்குச் சாவு என்பது துக்கத்தோடு கடனையும் கொண்டுவரும் நிகழ்ச்சி. கருமாதி முடிந்து வட்டிக்காரனிடம் போகாமல் ஒரு விதவையைக் காப்பாற்றியது இந்த நிதி. அதைவிடப் பெரிய விளைவு இன்னொன்று. வசூல் கணக்கை ஒருவர் எழுதவேண்டும், ஒருவர் சரிபார்க்கவேண்டும், கொடுக்காதவரைக் கூட்டத்தில் கேட்கவேண்டும். தாங்களே தங்களை நிர்வகிக்கும் பழக்கத்தைத் தோட்டத் தொழிலாளர் கற்ற இடங்களில் இதுவும் ஒன்று. போருக்குப் பின் பி. பி. நாராயணன் தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது நெகிரி செம்பிலானில்தான். அவர் முன்னின்று நடத்திய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு தவணைகளைக் கொண்டு தோட்டங்களையே வாங்கத் துணிந்தார். மாதம் சில வெள்ளியைப் பொதுக் காரியத்துக்கு நம்பிக் கொடுக்கும் பழக்கம் மரண நிதி போன்ற சிறு ஏற்பாடுகளால் ஏற்கெனவே ஊறியிருந்த மக்களிடையே அந்தத் துணிவு வேர்பிடித்ததில் வியப்பில்லை.

இதைச் சொல்லும்போது சாதியை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தப்படிப்பதும் குழி தோண்டுவதும் குறிப்பிட்ட சாதியாரின் வேலை என்ற எண்ணம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. லயங்களில் பிரிவு இருந்தது. மயானத்திலும் இன்னார் பக்கம் இது என்ற பேச்சு இருந்த இடங்கள் உண்டு. ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. தமிழ்நாட்டில் 2019இல்கூட வாணியம்பாடி அருகே, மயானத்துக்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறுகட்டி இறக்கும் நிலை வந்தது. தோட்டத்திலோ நிலம் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லாததால், வழி மறிக்கும் அதிகாரமும் எந்தச் சாதிக்கும் வாய்க்கவில்லை. ஒருவருக்கும் பட்டா இல்லாத நிலை செய்த ஒரே நன்மை இது. அது செய்த தீமைகளே மற்றவை அனைத்தும்.

மற்றச் சமூகங்களோடு ஒப்பிட்டால் அந்தத் தீமையின் அளவு விளங்கும். மலாய் முஸ்லிம்களின் மையத்துக் கொல்லைகளுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது, வக்ஃப் இருக்கிறது, மாநில இஸ்லாமிய சமய மன்றம் இருக்கிறது. மரணச் செலவுக்கென்று கைராத் நிதியும் இருக்கிறது. சீனர்களின் கதை இன்னும் தெளிவான பாடம். மலாக்காவின் புக்கிட் சீனா மலையை 1984இல் மாநில அரசு மேம்பாட்டுத் திட்டத்துக்குக் கேட்டது. மறுத்தபோது இருபது லட்சம் வெள்ளி நிலவரிப் பாக்கி என்று நோட்டீசு அனுப்பியது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள் கொண்ட அந்த மலை இன்றும் அப்படியே நிற்கிறது. நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பு ஒரு காரணம். ஆனால் அந்த எதிர்ப்பு ஊன்றி நிற்க ஒரு கால் வேண்டியிருந்தது. அது செங் ஹூன் தெங் கோயிலின் அறங்காவலர் குழு. நிலம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. அவர்கள் கையொப்பமில்லாமல் அரசால் ஒரு கல்லையும் எளிதில் நகர்த்த முடியவில்லை. நெகிரி செம்பிலானுக்குள்ளேயே பார்த்தாலும், அடாட் பெர்ப்பாத்தே மரபின்படி தாய்வழிக் குலங்களுக்குரிய நிலம் வெளியாருக்குப் போய்விடாமல் காக்க 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆக, ஒரு கூட்டத்தாரின் பொதுநிலத்தைப் பதிவேட்டில் எழுதி, விற்பனைக்கு அப்பாற்பட்டதாக வைப்பது எப்படி என்று இந்த மாநிலத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறாண்டுகளுக்கு முன்பே அது இங்கே தெரிந்திருந்தது. தோட்டத் தமிழருக்கு மட்டும் அது எட்டவில்லை.

இறந்தவர்களை நினைவில் வைப்பது பாசத்தால் மட்டும் நடப்பதில்லை, அமைப்பால் நடக்கிறது என்பதற்குச் சயாம் இரயில் பாதையைவிடக் கொடிய சான்று வேண்டாம். 1942-43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காஞ்சனாபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க் கைதிகள் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு 1917இலேயே தொடங்கப்பட்ட ஒரு போர்க் கல்லறை ஆணையம் இருந்தது. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அந்தத் தொழிலாளர்களைப் பற்றி நாவல்கள் எழுதியது, கல்வெட்டு செய்யவேண்டிய வேலையை இலக்கியம் செய்ய நேர்ந்ததன் அடையாளம்தான். அந்த இழப்பை இனி ஈடுசெய்ய முடியாது. ஆனால் தோட்டத்து மயானங்களில் கிடப்பவர்களை அதே கதிக்கு ஆளாக்குவதை இன்றும் தடுக்கலாம்.

மயானங்களைக் காக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு வரும் முதல் மறுப்பு நம்மவர்களிடமிருந்தே வரும். இந்துக்கள் எரிப்பவர்கள், சாம்பலைக் கடலில் கரைப்பவர்கள், அவர்களுக்கு நிலையான கல்லறை எதற்கு என்பார்கள். நூல்களில் உள்ள இந்து சமயத்துக்கு இது பொருந்தலாம். தோட்டத்தின் நடைமுறை வேறு. குழந்தைகளையும் மணமாகாதவர்களையும் புதைப்பது பரவலான வழக்கம். பல சாதியாருக்குப் புதைப்பதே குலமரபு. கிறிஸ்தவக் குடும்பங்களும் அதே மண்ணைப் பகிர்ந்தன. எரிப்பதா புதைப்பதா என்பதை விறகும் மழையும் கைக்காசும் தீர்மானித்த நாட்களும் உண்டு. தீபாவளிக்கு முந்திய நாட்களில் புல் வெட்டி, சமாதிக்குச் சுண்ணாம்பு அடித்து, இறந்தவர் விரும்பியதைப் படைத்துவிட்டு வருவது மலேசியத் தமிழரிடையே இன்றும் உயிரோடிருக்கும் வழக்கம். கத்தோலிக்கர்கள் நவம்பர் 2இல் அதையே செய்கிறார்கள். தாமானுக்குக் குடிபெயர்ந்த பேரப்பிள்ளை பழைய தோட்டத்து மண்ணில் கால்வைக்க மிஞ்சியிருக்கும் காரணங்களில் இது ஒன்று. வழக்கம் இருக்கும்போது அது இருக்கக்கூடாது என்று நூலைக் காட்டி வாதாடுவதில் பொருளில்லை.

இரண்டாவது மறுப்பு சொத்துரிமை பற்றியது, இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தோட்டம் கம்பெனியின் நிலம். 1981இல் பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியான கத்ரி மலேசியர் கைக்கு வந்தது, 2007இல் சைம் டார்பியும் கோல்டன் ஹோப்பும் கத்ரியும் ஒன்றாயின. சட்டப்படி வாங்கியவர் தம் நிலத்தைச் சட்டப்படி பயன்படுத்துவதை எப்படிக் குறைசொல்வது? நியாயமான கேள்விதான். இதற்கு உணர்ச்சியால் பதில் சொல்வதைவிட நிலச் சட்டத்தாலேயே பதில் சொல்லலாம். மலேசியாவில் தோட்ட நிலம் என்பது மற்றச் சரக்குகளைப்போலக் கைமாறும் பொருளன்று. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பொருளியலாளர் உங்கு அஜிஸ் அதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்ந்தது. நாற்பது ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றவும் மாநில அரசின் அனுமதி வேண்டும். அதாவது தோட்டம் தாமானாக மாறும் பாதையில் அரசு நிபந்தனை விதிக்கக்கூடிய இடங்கள் ஒன்றுக்கு மேல் உள்ளன. சாலைக்கும் வடிகாலுக்கும் பள்ளிக்கும் திடலுக்கும் மேம்பாட்டாளர் நிலம் விடுகிறார்; அதை யாரும் சொத்துரிமை மீறல் என்பதில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட தோட்டத்தில் மயானம் பிடித்திருப்பது சில ஏக்கர். அதை அளந்து அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி, அரசு அதைப் பொதுக் காரியத்துக்கான ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் வெளியிட்டால் போதும். எந்தக் கம்பெனியும் அதனால் நொடித்துப் போகாது.

இதற்குப் புத்ராஜெயாவின் வாயைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், நிலம் மட்டுமல்ல, இடுகாடு சுடுகாடும் மாநிலப் பட்டியலில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அடக்க நிலங்களையும் சுடலைகளையும் நடத்தும் அதிகாரத்தை ஊராட்சி மன்றங்களுக்குத் தந்திருக்கிறது. மாநிலத்தின் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் மக்களில் ஏழில் ஒருவர் இந்தியர். அவர்களுக்கு அடக்க இடம் தருவது எப்படியும் மாநிலத்தின் கடமை. ஏற்கெனவே உள்ள இடத்தை அழிய விட்டுவிட்டுப் புது இடம் தேடுவது வீண் செலவு.

மூன்றாவது மறுப்புத்தான் என்னைக் கவலைகொள்ள வைப்பது. மக்கள் போய்விட்டார்கள், தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசிகள். நகரத்தில் மின்சுடலை இருக்கிறது, ஈமச்சடங்கு நிறுவனங்கள் இருக்கின்றன, பழைய மயானத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். சிதறல் உண்மை. ஆனால் சிதறியவர்கள் வெகுதூரம் போய்விடவில்லை. பெரும்பாலோர் பக்கத்துச் சிறு நகரங்களில், அடுக்குமாடிகளில், தாமான்களில் இருக்கிறார்கள். அவர்கள் இழந்தது இடத்தை மட்டுமல்ல, லயம் இலவசமாகச் செய்த அத்தனை வேலைகளையும் இழந்திருக்கிறார்கள். இப்போது பெட்டிக்கும் வண்டிக்கும் பந்தலுக்கும் பூசாரிக்கும் தனித்தனியே பணம் எண்ணவேண்டும். சேமநிதி வாரியம் தரும் 2,500 வெள்ளி மரண உதவி, உறுப்பினர் அறுபது வயதுக்குள் இறந்தால்தான் கிடைக்கும். முதுமையில் இறக்கும் ஒரு பழைய பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டுக்கு அதுவும் இல்லை. அதே மாநிலத்தில், நீலாயில், அழகாகச் செப்பனிடப்பட்ட தனியார் நினைவுப் பூங்கா ஒன்று இருக்கிறது. பணமுள்ளவர்கள் அங்கே இடம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் சாவுக்கான ஏற்பாடு முழுவதும் சந்தையிடம் போய்விட்டால் ஏழைக்கு மிஞ்சுவது கடன்தான். தோட்டத்து மயானத்தைப் பதிவுபெற்ற சங்கம் ஒன்றின் பொறுப்பில் வைத்து, பழைய மரண சகாய நிதியை அதோடு இணைத்து நடத்தினால், குறைந்த செலவில் அடக்கமோ தகனமோ செய்ய வழி திறந்திருக்கும். ஆகவே மயானத்தைக் காப்பதன் பயன் இறந்தவர்களோடு முடிவதில்லை. இருப்பவர்களின் கைச்செலவுக்கும் அது துணையாகிறது.

காலமும் அதிகம் இல்லை. மலேசியா விஷன் வேலி 2.0 திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு அதன் எல்லைக்குள் வருகிறது. தமிழர்கள் காடழித்த தோட்டங்களும் அதில் அடங்கும். அந்த மேம்பாட்டை எதிர்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் 2001க்கும் 2006க்கும் இடையே பிடாடாரி மயானத்தைத் தோண்டியபோதுகூட முன்னறிவிப்பு கொடுத்து, உரிமை கோர வாய்ப்பளித்துத்தான் செய்தது. அதற்கு அங்கே அடக்கப் பதிவேடு இருந்தது. தோட்டத்து மயானங்களில் பலவற்றுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. சிமெண்டு கட்டிய சமாதிகள் சிலவே. பெரும்பாலானவை வெறும் மண்மேடுகள். எந்த மேடு யாருடையது என்பது எழுபது எண்பது வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் போனபின் நிலத்தைப் பாதுகாத்தாலும் பெயர்களை மீட்க முடியாது.

எனவே வேண்டுகோள் இரண்டு. மாநில அரசுக்கு: தோட்ட நிலம் கைமாறவோ நிலவகை மாறவோ விண்ணப்பம் வரும்போதெல்லாம், அங்கே மயானம் உண்டா என்று அளந்து பார்த்து, அதை ஒதுக்கீட்டு நிலமாக்கிய பிறகே ஒப்புதல் தரவேண்டும் என்று விதி செய்யுங்கள். தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு: அரசு செய்யும்வரை காத்திராதீர்கள். இந்தத் தீபாவளிக்குப் புல் வெட்டப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும், தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள். ஒவ்வொரு மேடாகக் கேட்டு, பெயர், ஊர், இறந்த ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்திடமும் ஒரு பிரதியைத் தமிழ்ப்பள்ளியிலும் கொடுத்து வையுங்கள். நில அலுவலகத்தில் மனுக் கொடுக்கும் நாளில் முதலில் கேட்கப்படப்போவது அந்தப் பட்டியல்தான்.